ஒரு முழக் குழி

இந்தப் பக்கம் வந்துடுங்க சார். ஓரத்துல நின்னா சாரல் அடிக்கும். தங்கச்சி, பாப்பாவத் தூக்கிக்கிட்டு நீயும் வாம்மா, பெஞ்சு கெடக்கு பாரு. பஸ்ஸு இனிமே நகராது. உப்பாத்துப் பாலத்துக்கு இந்தாண்ட ரெண்டு புளியமரம் விழுந்து கெடக்காம், அந்தாண்ட எத்தனையோ. டிரைவர் சொல்லிட்டாரா? அப்ப சரி. காத்து அடங்குற வரைக்கும் நீங்கள்லாம் என் விருந்தாளி.

எம் பேரு வைரக்கண்ணு. மெஸ் நம்மளுதுதான், வீடும் இதுலயேதான். வேதாரண்யம் போற பஸ்ஸு எல்லாம் இங்க பத்து நிமிஷம் நிக்கும். நாகப்பட்டினத்துல ஏறும்போதே, உப்பாத்து முக்குல நிறுத்துவீங்கள்லன்னு கண்டக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு ஏறுறவங்க இருக்காங்க. நம்ம மீன் குழம்பு அப்படி. இன்னைக்கு அடுப்பு மூட்டல. டீ மட்டும் போட்டுத் தரேன்.

என்ன, மேல பாக்குறீங்க? சத்தமா? தகரம்னா சத்தம் போடத்தான் சார் செய்யும். சத்தம் போடுதுன்னு கறவை மாட்ட வித்துட முடியுமா? சும்மா சொல்றேன், பயப்படாதீங்க. நாப்பதடி நீளம், இருவத்தஞ்சடி அகலம். பன்னெண்டு இரும்புக் காலு. முன்பக்கம் ஆறு, நடுவுல ஆறு. பின்பக்கம் காலே கெடையாது, சட்டத்த நேரா மெஸ்ஸு செவுத்துல போல்ட்டு போட்டு முடுக்கிருக்கு. ஒண்ணுக்கொண்ணு புடிச்சிக்கும்ல. அது என் ஐடியா.

அந்தா, கல்லாவுக்கு மேல கண்ணாடி போட்டு மாட்டிருக்கேன் பாருங்க, அது சாமி படம் இல்ல. பர்மிட்டு. இந்தக் கொட்டகைக்கு வாங்குன பர்மிட்டு. சீல் தெரியுதா? இந்த ரோட்டுல நாகப்பட்டினத்துலேருந்து எத்தனை கொட்டகை பாத்திருப்பீங்க, ஒருத்தன்கிட்ட பர்மிட்டு இருக்கான்னு கேளுங்க பாப்போம். நான் வாங்குனேன். ஒண்ணே முக்கா வருஷம் அலைஞ்சு வாங்குனேன். நிழல் போடுறதுக்கு ஒரு பர்மிட்டு. எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?

அட, ஒரு நிமிஷம். போன் அடிக்குது. ம்... அதுதான். எடுக்க மாட்டேன். காலைலேருந்து நாலு தடவை. முதல் தடவை தெரியாம எடுத்துட்டேன். "அண்ணே, ஷீட்டக் கழட்டிட்டீங்களா?"ன்னு கேக்குது. நல்லாருக்கியா, சாப்டியான்னு கூட இல்ல. வெச்சுட்டேன்.

யாரா? அதச் சொல்லத்தானே வந்தேன். அமலோற்பவம்னு ஒரு இஞ்சினியரம்மா. நாலு வருஷத்துக்கு முன்னாடி நம்ம பேரூராட்சிக்கு வந்துச்சு. முப்பது வயசு இருக்கும். ஸ்கூட்டில வரும், எறங்குனாலும் ஹெல்மெட்டக் கழட்டாது. நான் அப்பதான் முன்னாடி கொட்டகை போடலாம்னு மனு கொடுத்திருந்தேன். சித்திரை வெயில்ல பஸ்ஸுலேருந்து எறங்குற சனம் நிக்க நிழல் இல்ல சார். ஒரு தடவை ஒரு கர்ப்பிணிப் பொண்ணு இதே எடத்துல மயங்கி விழுந்துடுச்சு. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இங்க ஒரு கூரை போடுறதுன்னு. புண்ணியம்தானே அது?

அந்தம்மா வந்துச்சு. டேப்பு புடிச்சு அளந்துச்சு. அப்பறம் என் கடப்பாரைய வாங்கி, தானே நிலத்துல குத்துச்சு. ஒரு அடிக்குக் கீழ கடப்பாரை வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்குது. "அண்ணே, மணலுண்ணே"ன்னுச்சு. கடக்கரையில மணல் இல்லாம வேற என்னம்மா இருக்கும்னேன். அதுக்கு ஒரு பாடம் எடுத்துச்சு பாருங்க. மழைன்னா மேலேருந்து அமுக்குமாம், புயல்னா கீழேருந்து தூக்குமாம். நாலு பக்கமும் தொறந்து கெடக்குற கூரைக்குத்தான் ஆபத்து ஜாஸ்தியாம். நான் சிரிச்சேன். தொறந்து கெடந்தா காத்து இப்படி வந்து அப்படிப் போயிடும், அடைச்சு வெச்சாத்தானே முட்டும்? இது கூடத் தெரியாம ஒரு படிப்பு.

அளந்த கையோட ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துச்சு. ஒவ்வொரு காலுக்கும் அஞ்சடி ஆழம் குழி. கீழ கான்கிரீட்டு. நாலு பக்கமும் குறுக்குக் கம்பி. கூரைய செவுத்துல மாட்டவே கூடாது, ஒரு சாண் எடவெளி விட்டுத் தனியா நிக்கணும். ஏம்மான்னா, அது போனா வீட்டையும் இழுத்துக்கிட்டுப் போகும்ங்குது. எல்லாத்துக்கும் மேல, புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்துன அன்னைக்கு நானே ஷீட்டுகளக் கழட்டி அடுக்கி வெச்சுடறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். மழை வருது, குடைய மடக்கி வையின்னு சொல்ற கதை. அதுக்கு எதுக்கு சார் கூரை?

மூணு தடவை பிளானத் திருப்புச்சு. ரெண்டு கிலோ நல்ல வெள்ளை எறால் ஐஸ் போட்டு ஆபீசுக்கு அனுப்புனேன். ஐஸ் கரையறதுக்குள்ள திரும்பி வந்துடுச்சு. எனக்கு வந்த கோவம்! எடுத்துக்கிட்டு வேலையச் செய்யிற ஆளுகிட்ட ஒரு மரியாதை இருக்கு சார். எடுத்துக்காம குத்தம் சொல்றவங்கள என்ன பண்றது?

உக்காருங்க, ஏன் எந்திரிக்கிறீங்க? அது ஒண்ணும் இல்ல, ஓரத்து ஷீட்டுல ஒரு ஸ்க்ரூ போயிருக்கும். டப் டப்புன்னு அடிக்கும். டிரைவரு அங்க என்ன கூட்டம் போடுறாரு? பள்ளிக்கூடமா? அதான் அந்தா, மாதா கோயிலுக்குப் பின்னாடி மொட்டை மாடி வெச்சுத் தெரியுதே. கான்கிரீட்டுக் கட்டடம்தான், இல்லேங்கல. ஆனா இந்த மழையில கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் ஏன் நனையணும்? இங்க என்ன கொறைச்சல்?

டீ எடுத்துக்குங்க. சீனி போதுமா?

எங்க விட்டேன்? ஆங். அந்த நேரம் பாத்து எம் பொண்ணுக்கு வரன் அமைஞ்சுடுச்சு. பவதாரணி. ஒத்தப் புள்ள. அவ அம்மா போயி அப்ப ஒம்பது வருஷம் ஆயிருந்துச்சு. மாப்பிள்ளைக்குத் திருவாரூர் கரண்ட் ஆபீசுல வேலை. தங்கமான மனுஷன். வைகாசியில முகூர்த்தம், இங்கயே நம்ம எடத்துலயே பண்ணிடுவோம்னு பேசியாச்சு. அப்பதான் மண்டையில மின்னுச்சு. கொட்டகைக்குத்தானே பர்மிட்டு? கல்யாணப் பந்தலுக்கு எவன் பர்மிட்டு கேப்பான்?

இரும்புக் காலு, தகர ஷீட்டு எல்லாத்தையும் எறக்கிட்டேன். நல்ல நாள் பாத்து ஈசானிய மூலையில பந்தக்கால் நட்டோம். அந்த மூலையில, ரோட்டோரமா மஞ்சத் துணி சுத்தி நிக்குதே, அதுதான். எங்க அக்கா ருக்மணி சண்டை போட்டுச்சு, இரும்ப யாராச்சும் பந்தக்காலா நடுவாங்களாடான்னு. அதுக்காக ஒரு கல்யாண முருங்கைக் கொம்ப ஒடிச்சு இரும்போட சேத்துக் கட்டுனேன். குழியில பால் ஊத்தி, நவதானியம் போட்டு, சுமங்கலிங்க அஞ்சு பேரு கை வெச்சு நட்டாங்க. பந்தக்காலுக்கு ஒரு முழம் குழிதான் சார், அதானே முறை. அதே அளவுல மத்தப் பதினோரு காலையும் நட்டாச்சு. சுத்தி ரெண்டு சட்டி கலவை. முடிஞ்சுது சோலி. அம்மா இல்லாத கொறை தெரியாம நடத்துனேன் சார் அந்தக் கல்யாணத்த. அந்த மூலையில நின்னுதான் அழுதேன்.

கல்யாணம் முடிஞ்சு அந்தம்மா வந்துச்சு. "அண்ணே, பந்தலப் பிரிக்கலியா?" மறுவீடு இருக்கேம்மான்னேன். அடுத்த மாசம் வந்துச்சு. ஆடிச் சீருக்கு வருவாங்கன்னேன். ஐப்பசியில வந்துச்சு. தலைத் தீபாவளின்னேன். அதுக்கே சிரிப்பு வந்துடுச்சு. "அடுத்து தலைப் பொங்கலாண்ணே?"ன்னு கேட்டுச்சு. ஆமாம்னேன். மறுநா காலையில வந்து பாத்தா, பிரிக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிருக்கு. எந்தக் கால்ல? பந்தக்கால்ல! மஞ்சத் துணிக்கு மேலயே!

விடுவனா? மேல எடத்துக்கு ஒரு பெட்டிஷன் போட்டேன். இன்ன மாதிரி ஏழை வியாபாரிய அலைக்கழிக்குதுன்னு. அதோட விட்டா எவன் படிப்பான்? கை நீட்டுனிச்சுன்னு ஒரு வரி சேத்தேன். பெட்டிஷன்னா அப்படித்தான் சார் எழுதணும், எல்லாரும் எழுதுறதுதான். ரெண்டே மாசம், தூக்கி மலையடிவாரத்துல எங்கயோ போட்டுட்டாங்க. வீட்டுல படுத்த படுக்கையா ஒரு அம்மா இருந்துச்சாம் அதுக்கு. ஆம்புலன்ஸ் வெச்சுக் கூட்டிட்டுப் போனதா பின்னாடி கேள்விப்பட்டேன். எனக்கு எப்படி சார் தெரியும்? சொல்லிருந்தா அந்த ஒரு வரிய எழுதிருக்க மாட்டேன்.

அடுத்து வந்தாரு ஒருத்தரு. மனுஷன்னா அவரு மனுஷன். ஜீப்பவிட்டு எறங்கல. "பிளான் இருக்கா?"ன்னாரு. அந்தம்மா எழுதிக் கொடுத்தத வெச்சு நாகப்பட்டினத்துல ஒரு ஆளுகிட்ட வரைஞ்சு வாங்கி வெச்சிருந்தேன். அஞ்சடிக் குழி, கான்கிரீட்டு, குறுக்குக் கம்பி, ஒரு சாண் எடவெளி, எல்லாம் அதுல இருக்கு. பேப்பர்ல ஒரு கொறை சொல்ல முடியாது. அன்னைக்கே சீல் வெச்சுட்டாரு. நானும் நாணயமாத்தான் சார் இருந்தேன். பர்மிட்டுல உள்ளபடியே மாத்திடுவோம்னு கொத்தனார் அய்யாறக் கூட்டியாந்தேன். நெசமாத்தான் சொல்றேன். கம்பி, ஜல்லி எல்லாம் எறக்கியாச்சு.

அய்யாறு முதல்ல புடுங்குனது அந்த மூலைக் காலத்தான்.

காலையில பத்தரை மணி இருக்கும். கால் சாஞ்சு கெடக்கு. குழியில நவதானியம் கருத்துப்போயி கெடக்கு, அய்யாறு அத அள்ளி வெளிய போடுறான். அப்ப போன் வருது. மாப்பிள்ளை. தாரணிக்கு மூணு மாசம் அப்ப. கலைஞ்சுடுச்சு மாமாங்கிறாரு.

நான் என்னத்தச் சொல்ல. கொட்டகை, மெஸ்ஸு எல்லாம் தீப்புடிச்சு எரிஞ்சாலும் பரவால்லன்னு தோணுச்சு. அய்யாறக் கெட்ட வார்த்தையில திட்டுனேன். அள்ளிப் போட்டத நானே கையால பொறுக்கி அதே குழியில போட்டு, காலத் தூக்கி நிறுத்தி, பால் ஊத்தி, மண்ணத் தள்ளி மிதிச்சேன். மேல ஒரு சட்டி கலவை. அன்னைக்கோட சரி, ஒரு காலையும் தொட விடல. ஜல்லிய ரோட்டுப் பள்ளத்துல கொட்டிட்டேன். நட்ட பந்தக்கால அகாலத்துல புடுங்குனா என்ன ஆகும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இது எந்த இஞ்சினியர் படிப்புலயும் வராது. கேட்டா தற்செயல்னு சொல்லும் அந்தம்மா. சொல்லட்டும். அதுவா பெத்துச்சு எம் பொண்ண?

அப்பறம் ரெண்டு வருஷம். எத்தனை காத்து அடிச்சிருக்கு! நின்னுதுல்ல? ஒரு ஷீட்டு பறந்துச்சா?

இப்ப தாரணி உள்ளதான் இருக்கா சார். எட்டு மாசம். போன வாரம் வளைகாப்பு முடிச்சு நான்தான் கூட்டியாந்தேன். முன் ரூம்ல படுத்திருக்கா, இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட. சன்னலத் தொறந்தா நல்ல காத்து வரும்னு அவளுக்கு அந்த ரூம்தான் புடிக்கும். மாப்பிள்ளைக்குப் புயல் டூட்டி, எங்க கம்பத்துல நிக்கிறாரோ. காலையில பேசுனாரு. பத்திரமா பாத்துக்குங்க மாமான்னாரு. என்கிட்ட சொல்றாரு!

எங்க போறாங்க எல்லாரும்? யோவ் டிரைவரு! ஏன்யா சனத்தக் கெளப்புற? இவ்வளவு பெரிய கூரை இருக்கும்போது... என்னது? கால் ஆடுதா? எந்தக் கால்? இரும்புன்னா ஆடும்யா! ஆடலன்னாதான் ஒடியும்! போ, போ. நனைஞ்சு காய்ச்சல் வந்தா அங்க கஷாயம் வெச்சுக் கொடுக்க ஆளிருக்கான்னு பாரு. வரிசையா கையப் புடிச்சுக்கிட்டுப் போறாங்க பாருங்க சார், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மாதிரி. நாப்பது பேரு நிக்க எடம் கொடுத்தேன். ஒரு நன்றி சொல்லணுமேன்னு ஒருத்தனுக்குத் தோணல.

நீங்க எதப் பாக்குறீங்க? ஓ, அதுவா. பந்தக்கால் அடியில சிமிண்டு வெடிச்சிருக்கு, அவ்வளவுதான். தண்ணி உள்ள போகும், வெளிய வரும். காத்து தூக்கும்போது ஒரு வெரக்கடை மேல வரும், விட்டா எறங்கும். நானும் மதியத்துலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மூச்சு விடுற மாதிரி இருக்குல்ல? காலையில இவ்வளவு இல்ல. அரை வெரலுதான் இருந்துச்சு.

இல்ல சார், கயிறு போட்டுக் கட்டியாச்சு. எங்கயா? செவுத்துச் சன்னல் கம்பியிலதான். வேற எங்க கட்டுறது?

திரும்ப அடிக்குது பாருங்க. இந்தப் பொண்ணு விடாது. இருங்க, எடுத்து ரெண்டு வார்த்தை நல்லாக் கேட்டுட்டு வெச்சுடறேன். அலோ! என்னம்மா உனக்கு வேணும்? இங்க ஒண்ணும் ஆகல. பர்மிட்டு இருக்கு எங்கிட்ட. நீ போடாத கையெழுத்த இன்னொருத்தரு போட்டாரு... என்ன? கேக்கல, சத்தமாச் சொல்லு... கழட்டல. இப்ப எப்படிம்மா ஏறிக் கழட்டுறது, மனுஷன் ஏறுற காத்தா இது... நாப்பது பேரு நின்னாங்க, இப்பதான் பள்ளிக்கூடத்துக்குப் போறாங்க... ம்... ஆமா, செவுத்துலதான் மாட்டிருக்கு...

...

கட்டாயிடுச்சு. டவர் போயிடுச்சு போல.

அழுவுது சார். திட்டும்னு நெனச்சேன், அழுவுது. அந்த பெட்டிஷனப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. செவுத்துக்குப் பின்னாடி யாருண்ணே இருக்கான்னு கேட்டுச்சு. அவ்வளவுதான் கேட்டுச்சு. நான் பதில் சொல்றதுக்குள்ள கட்டாயிடுச்சு. இல்ல, கட்டாகல. சொல்ல வாய் வரல எனக்கு.

கெளம்புறீங்களா? சரி. நான் தடுக்கல. பாப்பாவுக்கு இந்தத் துண்ட மேல சுத்திக்கம்மா. எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க சார். அந்தக் கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போனா கட்டில்ல எம் பொண்ணு படுத்திருப்பா. எழுப்பி உங்ககூடக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. பயந்து இல்ல. கரண்டு இல்ல, புழுக்கமா இருக்கும், அதுக்குத்தான். தங்கச்சி, நீ அவ கையப் புடிச்சுக்க, பாத்து நடத்திக் கூட்டிப் போ, எட்டு மாசம்மா. பின்வாசல் வழியாப் போங்க. இந்தப் பக்கம் வேண்டாம்.

நானா? நான் எப்படி சார் வர்றது? இந்தக் கால் வெளிய வந்துடக் கூடாது. அவ அங்க போயிச் சேந்து உக்காருற வரைக்குமாச்சும் இது வெளிய வந்துடக் கூடாது. ஒரு முழம்தான் இருக்கு. எனக்குத் தெரியும் சார், நட்டவனுக்குத் தெரியாதா? நான் கட்டிப் புடிச்சுக்கறேன். எம்பது கிலோ இருக்கேன், அது ஒண்ணும் கம்மி இல்ல. ரெண்டு காலையும் இந்தக் கலவை மேல வெச்சு நின்னுக்கிட்டா, பாருங்க, இப்ப தூக்கல பாருங்க.

போங்க சார், நிக்காதீங்க. அப்பா எங்கன்னு கேப்பா. கல்லாவப் பூட்டிட்டு வரேன்னு சொன்னாரும்பீங்க. நம்புவா. சத்தம் கேட்டா என்னன்னு கேப்பா, எதுவும் சொல்லாதீங்க. பள்ளிக்கூட வாசப்படி ஏறுற வரைக்கும் அவள மட்டும் திரும்பிப் பாக்க விடாதீங்க.